சிவப்பு என்று நான் எடுத்த கட்டி

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஆறு ஆண்டுகளாக ஒரு தோல்வார் சுருண்டு கிடந்தது. சவரக் கத்தியைக் கடைசியாகத் தீட்டுவதற்கு முடிதிருத்துபவர்கள் வைத்திருக்கும் வார். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் கைப்பிடி. ஒரு பக்கம் முரட்டுத் துணி, மறுபக்கம் தோல். அதன் சொந்தக்காரர் அதை எனக்குப் பரிசாகக் கொடுத்தார். அதைக் கெடுத்தவன் நான் என்று தெரியாமல் கொடுத்தார். தெரிந்திருந்தும் நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் எனக்குக் கத்திப் பித்து பிடித்தது. முப்பது வருடம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்தவன் நான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை. இணையத்தில் பழைய மடக்குச் சவரக் கத்தி ஒன்றை வாங்கினேன், பிறகு இன்னொன்று. சவரம் செய்துகொள்வதைவிடக் கத்தியைத் தீட்டுவதில்தான் எனக்கு ருசி. சாணைக்கல்லில் தேய்த்து முடித்த விளிம்புக்கு மெருகேற்ற என்னென்ன பூச்சுகள் உண்டோ அத்தனையும் படித்துவைத்தேன், கிடைத்தவற்றை வாங்கினேன். பச்சை என்றால் குரோமியம் ஆக்சைடு. சிவப்பு என்றால் இரும்பு ஆக்சைடு, நகை ஆசாரிகள் பொன்னுக்கு மெருகு போடுவது, பச்சையைவிட மென்மை. சாம்பல் நிறத்தில் சிறு குழாயில் வருவது வைரத்தூள். நல்ல பூச்சில் ஒரு துகள் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. ஒரு வாருக்கு ஒரு பூச்சுதான். தவறிப்போய் முரட்டுத் துகள் தோலில் ஏறிவிட்டால் அது உள்ளே உட்கார்ந்துகொண்டு கத்தியின் விளிம்பைப் பல் பல்லாக அறுத்துக்கொண்டே இருக்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இதையெல்லாம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒருவர் இருந்தார். மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையை ஒட்டி, இரண்டு நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவருடையது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் "அண்ணே" என்பேன். அவருடைய மகள் என்னிடம் படித்தவள் என்பதால் அவர் என்னை "சார்" என்பார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவரும் எல்லாரையும்போல் தூக்கி எறியும் பிளேடுதான் போடுவார். பழைய சவரக் கத்தி ஒன்றை மட்டும் தனியே ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். குழந்தைகளுக்கு முதல் மொட்டை போட அதைத்தான் எடுப்பார். தெரிந்த குடும்பங்கள் அவரைத் தேடி வந்து அழைத்துப் போகும். பச்சைக் குழந்தையின் தலையில் ஒரு கீறல்கூடப் படாமல் எடுப்பார் என்று பெயர்.

"சாரு கன்னத்துக்குக் கெமிஸ்ட்ரி லேபே வச்சிருக்காரு லா," என்று நாற்காலியில் இருப்பவரிடம் கண்ணாடி வழியே கண்ணடிப்பார். "நம்ம பல்லுக்குப் போடற பேஸ்ட்டவிட அவரு கத்திக்குப் போடற பேஸ்ட்டு ஜாஸ்தி."

"நீங்க வெறுந்தோல்ல தீட்டுறீங்கண்ணே. ஒரு பூச்சு போட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

"என் வாருக்கு என் உள்ளங்கை போதும் சார். துணியில முப்பது, தோல்ல அம்பது. முடிஞ்சிச்சு."

உண்மையில் அவர் செய்தது அவ்வளவுதான். தீட்டி முடித்ததும் தோலை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிடுவார். அந்தக் கையின் பிசுக்கு ஏறி ஏறித் தோல் செம்பழுப்பாக, கண்ணாடிபோல் ஆகியிருந்தது. நான் படித்த எதிலும் அந்த முறைக்கு மறுப்பு கிடையாது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. கன்னத்தைச் சிரைக்கிறவர் வேதியியல் ஆசிரியரைக் கேலி செய்வதா என்று அன்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

என் மகனுக்கு முதல் குழந்தை பிறந்து பதினோராம் மாதம். தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். மருமகள், "இப்ப எல்லாரும் கிளிப்பர்லதான் எடுக்கிறாங்க மாமா, அதுவே போதும்" என்றாள். நான் விடவில்லை. பேத்திக்கு அண்ணன்தான் எடுக்க வேண்டும் என்று நின்றேன். பெருந்தொற்றுக்கு முந்தைய வருடம் அது.

அந்த வாரத்தில் அவருடைய வாரின் கொக்கி கழன்று வந்துவிட்டது. தோலைக் கொக்கியோடு சேர்த்திருந்த தையல் விட்டுப்போயிருந்தது. "ஒங்க வீட்டுலதான் சாமானெல்லாம் இருக்கே சார், மாத்திக் குடுங்க," என்று என்னிடமே கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "தோல்ல மட்டும் ஒண்ணும் போட்டுறாதீங்க. அது குழந்தைங்க தலைக்குப் போற வாரு."

"சரிண்ணே," என்றேன்.

புதுக் கொக்கி வாங்க சூலியா ஸ்திரீட் பக்கம் ஓர் இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் மெருகுக் கட்டிகள் கிடந்தன. சோப்புக் கட்டிபோல் இருக்கும், மெழுகில் தூளைக் குழைத்து வார்த்தது. பச்சை, வெள்ளை, கறுப்பு. அவற்றோடு உறை கிழிந்த பாதிக் கட்டி ஒன்று, செம்பழுப்பு நிறத்தில். என்னிடம் அதுவரை சிவப்பு இருந்ததில்லை. "இது சிவப்புதானே?" என்று கடைக்காரரிடம் மலாயில் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "மேரா, சோக்லாட், சாமா சாஜா லா" என்றார். சிவப்போ பழுப்போ எல்லாம் ஒன்றுதான். எதற்கு என்று நான் சொல்லியிருந்தால் அவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. அவர்மேல் பிழையில்லை.

அதைக் கையில் எடுத்தபோதே எனக்கு எண்ணம் வந்துவிட்டது. அவருடைய தோலும் செம்பழுப்பு, கட்டியும் செம்பழுப்பு. போட்டால் தெரியாது. பேத்தியின் தலையில் கத்தி வெண்ணெயாக இறங்கும். "இன்னிக்கி என்னா சார் கத்தி இப்புடி இருக்கு" என்று அவரே கேட்பார். அப்போது எல்லார் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம். இதுதான் என் திட்டம். குழந்தைக்காகச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிகூட உண்மையில்லை.

வீட்டுக்கு வந்து கொக்கியை மாற்றித் தைத்தேன். பிறகு மனைவியின் முடி உலர்த்தும் கருவியால் தோலை இளஞ்சூடாக்கி, கட்டியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்து மறைத்தேன். என் கத்தி ஒன்றை இருபது முறை தீட்டி முன்கையில் வைத்துப் பார்த்தேன். முடி தானாக உதிர்ந்தது. பெருமையாக இருந்தது. பல்போட்ட விளிம்பும் முடியை அப்படித்தான் வெட்டும், தோலில்தான் அது தன் குணத்தைக் காட்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காலையில்தான் சவரம் செய்திருந்தேன். வைத்துப் பார்க்கவில்லை.

கிருத்திகை நாள். மலையடியில் மொட்டை போடும் இடத்தில் நல்ல கூட்டம். அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வாரின் கொக்கியை ஒரு கம்பியில் மாட்டித் தீட்டத் தொடங்கினார். துணியில் முப்பது. தோலுக்குத் திருப்பிப் பத்து இழுப்புகூட ஆகியிராது, நிறுத்தினார்.

"சார், வாரு லேசா இழுக்குதே. எதாச்சும் போட்டீங்களா?"

பேத்தி மருமகளின் மடியில் அவருடைய வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மகன், என் மனைவி, சம்பந்தி வீட்டார். அடுத்ததாகத் தங்கள் குழந்தைக்கும் இவரே எடுக்கட்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்த ஓர் இளம் தம்பதி. பூ விற்கும் அம்மாள் ஒருத்தி. இத்தனை பேருக்கு நடுவில் அந்தக் கேள்வி வந்தது.

"இல்லண்ணே. புதுக் கொக்கில்ல, அதான் விறைப்பா இருக்கு," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஐம்பதையும் முடித்தார். தன் முன்கையில் வைத்துப் பார்த்தார். முடி உதிர்ந்தது. "நல்லாத்தான் எடுக்குது," என்று குழந்தையின் தலையை நனைத்தார்.

உச்சியில் இரண்டு வழிப்பு நன்றாகவே போயின. மூன்றாவதில் குழந்தை முகத்தைச் சுளித்தாள். நான்காவதில் அழுதாள். குழந்தைகள் அழுவது வழக்கம் என்று யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கத்தி நின்று நின்று போனது. ஓரிடத்தில் தோல் கத்தியோடு சேர்ந்து நகர்ந்தது. அவர் கையைத் தூக்கி, விரலால் தோலை இழுத்துப் பிடித்து, மறுபடி வைத்தார். காதுக்குப் பின்னால் வரும்போது குழந்தை திமிறினாள். கத்தி கடித்தது.

முதலில் ஒரு கோடு. பிறகு அந்தக் கோடு முழுவதும் சிவந்து வழிந்தது. மருமகள் போட்ட சத்தத்தில் கூட்டம் திரும்பியது.

"நான் அப்பவே சொன்னேன் கிளிப்பர் போதும்னு! யாரு கேட்டா?"

என் மகன் குழந்தையைப் பிடுங்கினான். "அண்ணே, கை நடுங்குதுன்னா முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? பச்சப்புள்ள தலையிலயா வச்சுப் பாப்பீங்க?"

அண்ணன் கத்தியை மடக்கிக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தன் முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். அப்போது அது நடுங்கியது. அந்த நிலையில் யாருடைய கையும் நடுங்கும். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த பார்வை.

நான் சொன்னது இது: "வயசாயிருச்சு. நாமதான் யோசிச்சிருக்கணும்."

இளம் தம்பதி தங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். கிளினிக்கில் மூன்று தையல் போட்டார்கள். மீதித் தலையை அடுத்தநாள் வேறு யாரோ கிளிப்பரில் எடுத்தார்கள். சந்தனம் பூசும்போது பார்த்தால் தலையெல்லாம் மெல்லிய கீறல்கள், நகத்தால் பிறாண்டியதுபோல்.

வெட்டுப்பட்ட அன்று மாலையே நான் சோதித்தேன். உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து அந்தக் கட்டியால் அழுத்தித் தேய்த்தேன். நகை ஆசாரியின் சிவப்பாக இருந்தால் கண்ணாடியில் ஒன்றும் ஆகாது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மூடுபனிபோல் கீறல்கள். அது இரும்பு ஆக்சைடே அல்ல, பித்தளைச் சாமான் தேய்க்கும் கல்தூள். நிறத்தை வைத்து ஒரு பொருளை இன்னதென்று முடிவு செய்யாதே என்று முப்பது வருடம் வகுப்பு வகுப்பாகச் சொன்னவன் நான். அப்படி எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. தையல் பிரிக்கட்டும் என்றேன். பிறகு மகனின் கோபம் தணியட்டும் என்றேன். ஒரு மாதம் கழித்து முடிவெட்டப் போனபோது அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"ஒங்க பேத்தி எப்புடி சார் இருக்கா? டாக்டர்ட்ட காட்டினேன் சார் கைய. நரம்பெல்லாம் நல்லாருக்காம், வயசுன்னாரு. நீங்க அன்னிக்கே சரியாச் சொன்னீங்க."

அவர் கிளிப்பரைப் பிடித்திருந்த கை என் காதோரம் ஒரு துளி அசையவில்லை. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எழும்போது தகரப் பெட்டியை என் கையில் வைத்தார். கத்தியும் வாரும் உள்ளே. "இனிமே நான் எடுக்க மாட்டேன் சார். ஒங்களுக்குத்தான் இதுல ஆசை. வச்சுக்குங்க."

அதற்குப் பிறகு பெருந்தொற்று வந்தது, கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது என்று சொன்னால் எவ்வளவு கேவலம். ஆனால் இருந்தது. கடை திறந்த பிறகும் மாதம் ஒருமுறை போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் முன்போல் என்னைக் கேலி செய்யவில்லை. வேலையில்லாத நேரம் கைகளை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது மொட்டைக்குக் கூப்பிட்டால், "இல்லம்மா, கை சரியில்ல" என்பார். அந்தச் சொல்லை நான் என் காதால் எத்தனையோ முறை கேட்டேன்.

இந்த வருடம் கடையை விட்டுவிட்டு ஈப்போவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னார். என் பேத்தி இப்போது தொடக்கப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சடை பின்னும்போது காதுக்குப் பின்னால் முடி முளைக்காத அந்தக் கோடு தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மறுநாள் மத்தியானம் தகரப் பெட்டியையும் அந்தப் பாதிக் கட்டியையும் ஒரு கண்ணாடித் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன்.

வீடெங்கும் அட்டைப்பெட்டிகள். அவருடைய மனைவி கோப்பி போட உள்ளே போனார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே."

"சொல்லுங்க சார். ஈப்போப் பக்கம் வந்தா வீட்டுக்கு வராமப் போயிறக் கூடாது, ஆமா."

சொன்னேன். கடைத் தட்டில் எடுத்ததிலிருந்து மாலையில் கண்ணாடியில் தேய்த்தது வரைக்கும். நான் முடித்ததும் கட்டியை வாங்கி, அவரே கண்ணாடியில் தேய்த்தார். சட்டை நுனியால் துடைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"நான் கேட்டேனே சார். மலையடியில வச்சுக் கேட்டேனே, எதாச்சும் போட்டீங்களான்னு."

"கேட்டீங்க."

"புதுக் கொக்கின்னீங்க."

"ஆமாண்ணே."

"அப்ப என் கை?"

"ஒங்க கையில ஒண்ணும் இல்லண்ணே. அன்னிக்கும் இல்ல."

கோப்பியோடு வந்த அவர் மனைவி நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். "ஏன் சார், படிச்சவங்கதானே நீங்க?" என்று மட்டும் கேட்டார். கோப்பியை என் முன்னால் வைக்கவில்லை, திரும்ப உள்ளே எடுத்துப் போனார்.

அண்ணன் கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தார். "என் பேரனுக்கு மொட்டை நான் போடல சார்," என்றார். "ஈப்போக் கோயில்ல. மக கேட்டா, நீங்கதான்பா எடுக்கணும்னு அழுதா. முடியாதுன்னுட்டேன். பாக்கக்கூட மனசு வரல, வெளிய போய் நின்னுக்கிட்டேன். புள்ளயத் தூக்குறதுக்கே பயந்தேன் சார், விட்டுருவேனோன்னு."

எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள நான் எப்போதும் கேட்டதுமில்லை. "மன்னிச்சிருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவுது? அன்னிக்கி அங்க நின்னவங்ககிட்டச் சொல்லுங்க. ஒங்க மகன்ட்ட, மருமகள்ட்ட. அவங்க முன்னாலதானே வயசாயிருச்சுன்னு சொன்னீங்க?"

"சொல்றேன்."

"கத்திய வச்சிட்டுப் போங்க. அந்த வாரை நீங்களே எடுத்துட்டுப் போங்க, அது எனக்கு வேணாம்."

கதவு வரைக்கும் அவர் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, மகன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வரச்சொல்லியிருந்த சம்பந்தி வீட்டாரையும் வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன். மகன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முடி உலர்த்தும் கருவி எதற்கு என்று அன்றே அவள் கேட்டிருந்தாள், தோலைக் காயவைக்க என்றிருந்தேன்.

மருமகள்தான் பேசினாள். "அந்த அண்ணன என்னா பேச்சுப் பேசினேன் மாமா நானு. அத்தன பேரு முன்னால. நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க." பிறகு அவருடைய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. "அண்ணே, அண்ணே" என்பது மட்டும் புரிந்தது. அவர் என்ன சொன்னார் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கும் தகுதி இல்லை.

அங்கே நின்றவர்கள் என்றார் அவர். வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த இளம் தம்பதியை எனக்குத் தெரியாது. அவர்கள் குழந்தைக்கும் இப்போது ஏழு வயது இருக்கும். பூ விற்ற அம்மாள் இப்போது அந்த இடத்தில் இல்லை, இரண்டு முறை போய்ப் பார்த்தேன். அன்று வரிசையில் திரும்பிப் பார்த்த மற்றவர்கள் யாரென்றே தெரியாது. அவர்கள் யாராவது வீட்டில், அந்தக் கிழவருக்குக் கை நடுங்கியது, நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று சொல்லியிருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுத்தில் வைக்கிறேன். நீங்கள் பார்த்தது, வெட்டுப்பட்ட பிறகு நடுங்கிய கையை. அதற்கு முன்னால் அது நடுங்கவில்லை. வாரில் கல்தூளைத் தேய்த்தவன் நான், கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னவனும் நான். வேட்டி கட்டிக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் நின்றிருந்த, மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தா.